மராத்தா மந்திரில் அம்மா சொன்ன கதை

2025 ஜூலை 5, சனி

தாதரில் இறங்கும்போது மதியம் இரண்டு மணி. ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம். பிளாட்பாரக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் சரியாக அம்மாவின் பை மேல் விழுந்தது. உள்ளே பொடி தடவிய இட்லி நாலு மிச்சம் இருந்தது. "பையை நகர்த்துடி, இட்லி நனையுது." மும்பை மண்ணில் அம்மா பேசிய முதல் வார்த்தை அதுதான்.

எதற்காக வந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இந்தி தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவுக்கே இந்திப் படம் சொன்னது அம்மாதான். கேபிள் வந்த புதிது. எங்கள் முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா டிவிக்குப் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே ஒவ்வொரு ஆளுக்கும் வசனம் சொல்லுவாள். அப்பா பாத்திரத்துக்குக் கனத்த குரல், வில்லனுக்கு மூக்கால் ஒரு குரல். எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போதுதான் அவளுக்கு ஒரு வார்த்தை இந்தியும் தெரியாது என்பது தெரியவந்தது. கேட்டேன். "முகத்தைப் பார்த்தா தெரியாதா?" என்றாள்.

அப்படி அவள் சொன்ன படங்களில் எங்கள் தெருவுக்கு ரொம்பப் பிடித்தது 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே'. ஷாருக் கானும் கஜோலும் நடித்து 1995 அக்டோபர் 20 அன்று வெளிவந்த காதல் படம். மும்பை மராத்தா மந்திர் தியேட்டரில் அன்றிலிருந்து ஓடுகிறது. நடுவில் கொரோனாவுக்காகத் தியேட்டர்களை மூடியபோது நின்றது, திறந்ததும் மறுபடி போட்டுவிட்டார்கள். வரும் அக்டோபரில் முப்பது வருடம். போன மாதம் என் போனில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி ஏற்றினேன். எதிரே யாராவது இந்தியில் பேசினால் அதைக் கேட்டு, தமிழில் மாற்றி, காதில் மாட்டிய இயர்போனில் பேசிக் காட்டும். அதை முதல்முறை கேட்ட ராத்திரியே எனக்கு இந்த யோசனை வந்துவிட்டது. அம்மாவை அந்தத் தியேட்டருக்குக் கூட்டிப் போக வேண்டும், அந்தப் படத்தில் நிஜமாகவே என்ன பேசினார்கள் என்று அவள் காதால் கேட்க வேண்டும். அம்மாவுக்கு 66 வயது. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், ஜன்னல் சீட்.

தாதரில் ஒரு சின்ன லாட்ஜ். அங்கே போவதற்கு டாக்சி பிடித்ததும் செயலியை அம்மாவிடம் கொடுத்தேன். நாளைக்குத் தியேட்டருக்குப் போக இதே டிரைவர் வருவாரா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். "நாளைக்குக் காத்தால வந்துருவீங்களா தம்பி?" என்று போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கேட்டாள். செயலி பேசாமல் இருந்தது. இன்னொரு தடவை கேட்டாள், அப்போதும் இல்லை. நான், "எழுதற மாதிரி பேசும்மா" என்றேன். அம்மா முதுகை நிமிர்த்தி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "நாளை காலை வருவீர்களா?" என்றாள். உடனே இந்தி வந்தது. டிரைவர் பெரிதாகத் தலையாட்டி ஏதோ சொன்னார். இயர்போனில் ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது: "நேற்று பத்து மணிக்கு வருகிறேன்."

இந்தியில் 'கல்' என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான், வினையை வைத்துத்தான் எதுவென்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ராத்திரி தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் தெரியவில்லை. டிரைவரே எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் விரித்துப் பத்து என்று காட்டி, கையை முன்பக்கமாக வீசினார். அம்மா, "நாளைக்குப் பத்து மணி" என்றாள். மீட்டரில் குறைந்தபட்சக் கட்டணமான 31 ரூபாய்தான். ஐம்பது கொடுத்தேன், மீதியைச் சில்லறையாக எண்ணி அம்மா கையில் வைத்தார்.

சாயங்காலம் மாதுங்கா வரை நடந்தோம். அங்கே தமிழில் பேசலாம் என்று சொல்லியிருந்தும் அம்மா போனைக் கீழே வைக்கவில்லை. டீக்கடையில் நின்று, "ஐயா, இரண்டு தேநீர் வேண்டும். சர்க்கரை குறைவாக இருக்கட்டும்" என்றாள், வானொலிச் செய்தி வாசிக்கிற மாதிரி. அரை கிளாஸ் 'கட்டிங்' சாயா, ஒன்று 15 ரூபாய். இஞ்சி தூக்கலாக இருந்தது. அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எட்டாம் வகுப்புவரை படித்த தமிழ் அது. அவளுக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் லாட்ஜுக்குக் கீழே இருந்த ஹோட்டலில் எல்லா மேசையிலும் ஜவ்வரிசி உப்புமா. வேர்க்கடலைப் பொடி, பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு, மேலே கொத்துமல்லி. 60 ரூபாய். எங்கள் எதிரே நெற்றியில் சந்தனக் கோடு போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். ஏன் எல்லாரும் இதையே சாப்பிடுகிறார்கள் என்று அம்மா செயலி வழியாகக் கேட்டாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து பதில் சொன்னார். இன்று ஆஷாட ஏகாதசி, விரத நாள், அதனால்தான் ஜவ்வரிசி, பண்டரிபுரத்துக்கு நடந்தே போகிறவர்கள் எல்லாம் இன்று அங்கே விட்டலனைப் பார்ப்பார்கள், போக முடியாதவர்கள் வடாலா கோயிலுக்குப் போவார்கள், தானும் அங்கேதான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன் என்றார். எச்சில் கையோடு பதில் சொல்லக் கூடாது என்று எழுந்து போய்க் கை கழுவி வந்ததை அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் சரியாகப் பத்து மணிக்கு வந்தார்.

மராத்தா மந்திர் 1958இல் திறந்த தியேட்டர். மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால் நடக்கிற தூரம். அதனால்தானோ என்னவோ, வரிசையில் நின்றவர்களில் நிறையப் பேரிடம் பெட்டி, மூட்டை. அடுத்த ரயிலுக்கு நேரம் இருப்பவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள் போல. பதினொன்றரை மணிக் காட்சி. டிக்கெட் ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்குள்தான் ஆயிற்று. மும்பையில் அந்த ஐம்பது ரூபாய்க்கு வேறு எங்கேயாவது மூன்று மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார முடியுமா என்று தெரியவில்லை.

இயர்போனில் ஒன்று அம்மாவின் வலது காதில், ஒன்று என் இடது காதில். போனை என் மடியில் கவிழ்த்து, கைக்குட்டை போட்டு மூடி வைத்தேன், வெளிச்சம் தெரியக் கூடாது என்று. படம் தொடங்கியது. லண்டனில் ஒரு சதுக்கத்தில், கஜோலின் அப்பாவாக வரும் அம்ரிஷ் பூரி புறாக்களுக்குத் தீனி போடுகிறார். தன் ஊரை நினைத்து மனதுக்குள் பேசுகிறார். இரண்டு மூன்று விநாடி கழித்து என் காதில் தமிழ் வந்தது. தெளிவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஆனால் நிஜமாகவே தமிழ். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பது வருடமாகச் சாத்திக் கிடந்த வீட்டுக்குள் போனது போல இருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடத்தில் சிக்கல் ஆரம்பித்தது. எங்களுக்கு முன் வரிசையில் நாலைந்து பையன்கள் இருந்தார்கள். படத்தில் ஒவ்வொரு வசனத்தையும் நடிகர் பேசுவதற்கு முன்னாலேயே அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். செயலி அவர்கள் குரலைக் கேட்டு அதை மொழிபெயர்க்கிறது. ஆக, ஷாருக் கான் வாயைத் திறக்கும் முன்பே அவர் பேசப்போவது எங்கள் காதில் தமிழில் வந்துவிடும். அப்புறம் அவர் பேசுவார், அதையும் செயலி மொழிபெயர்க்கும். ஒரே வசனம் இரண்டு தடவை. நடுவில் யாரோ யாரையோ உட்காரச் சொன்னது, சமோசா விற்பவர் விலை சொன்னது, எல்லாமே அதே பெண் குரலில், அதே மரியாதையோடு. ஆனால் எனக்கு எரிச்சல் வரவில்லை. அந்தப் பையன்கள் படம் வந்த வருடம் பிறந்திருக்கக்கூட மாட்டார்கள். எத்தனை தடவை பார்த்திருந்தால் இப்படி முந்திக்கொண்டு சொல்ல வரும்.

அம்மாவின் மனக்குறை வேறு. கஜோலிடம் அப்பா பேசுகிற இடங்களில் எல்லாம் செயலி 'நீங்கள்' என்றே சொன்னது. "நீங்கள் உள்ளே செல்லுங்கள்" என்று. இந்தியில் மூன்று படி இருக்கிறது, 'தூ', 'தும்', 'ஆப்'. நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு. இந்த மாதிரிச் செயலிகள் பலவும் நடுவில் ஆங்கிலத்தைத் தொட்டுக்கொண்டுதான் ஒரு இந்திய மொழியிலிருந்து இன்னொன்றுக்கு வரும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். அதில் விழுந்து எழுந்து வரும்போது யார் யாரிடம் பேசுகிறார் என்பது தொலைந்துவிடும். இதுவும் அப்படித்தான் போலிருக்கிறது. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. "பெத்த அப்பன் பொண்ணை நீங்கள்னு கூப்பிடுவானா? அவன் கோவமே போச்சுடி இதுல" என்று என் காதில் சொன்னாள். செயலி அதை இந்தி என்று நினைத்து ஏதோ மொழிபெயர்க்கப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. ராத்திரி நேரம், பஞ்சாபில் வீட்டில் அம்மாவும் மகளும். ஃபரீதா ஜலால் மகளிடம் மெதுவாகப் பேசுகிறார். தியேட்டரில் விசில் இல்லை, முன்வரிசைப் பையன்களும் சும்மா இருந்தார்கள். அதனால் அன்று முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் செயலி தடங்கல் இல்லாமல் கேட்டது.

அம்மா எங்கள் முன்னறையில் இந்தக் காட்சிக்குச் சொன்ன வசனம் எனக்கு மனப்பாடம். தெருவில் பாதிப் பேருக்கு மனப்பாடம். "பயப்படாதடி. அப்பா கிடக்கார். நான் இருக்கேன். உனக்குப் பிடிச்சவனோட நீ போ."

செயலி வேறு சொன்னது. ஆணும் பெண்ணும் சமம் என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்ததாக அந்த அம்மா சொல்கிறாள். அப்புறம் சகோதரர்கள் படிக்க வேண்டும் என்று தன் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்கிறாள். மகளாக, மருமகளாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்ததைச் சொல்கிறாள். நீ பிறந்தபோது, உனக்கு அப்படி நடக்க விடமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டேன், ஆனால் பெண்ணுக்குச் சத்தியம் செய்யக்கூட உரிமை இல்லை என்பதை மறந்துவிட்டேன் என்கிறாள். அதனால் அந்தப் பையனை மறந்துவிடு என்று கேட்கிறாள்.

அம்மா இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தாள். எதுவும் சொல்லவில்லை. அதற்கப்புறம் படம் முடிகிறவரை அதை மாட்டவே இல்லை.

நானும் கழற்றிவிட்டேன். போன் மடியில் சுட்டுக்கொண்டிருந்தது, பேட்டரி இருபது சதவீதத்துக்குக் கீழே போயிருந்தது. மீதிப் படத்தைப் பழையபடி பார்த்தோம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு காட்சி வரும். அதே அம்மா, நகைகளை எடுத்துவந்து அந்தப் பையன் கையில் கொடுத்து, இவளைக் கூட்டிக்கொண்டு ஓடிப் போ என்பாள். அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் செயலி வேண்டாம். அம்மா என் முழங்கையை இடித்தாள். "பார்த்தியா? அப்பவே சொன்னேன்ல?"

விளக்கு போட்டதும் டார்ச் வைத்திருந்த பெரியவர் நேராக எங்களிடம் வந்தார். மடியில் போன் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். படத்தைப் பதிவு செய்கிறோம் என்று நினைத்துவிட்டார். குரல் கொஞ்சம் கடுமையாக இருந்தது. சந்தேகம் வந்தது நியாயம்தான். செயலியைத் திறந்து காட்டி, இயர்போனை அவரிடம் நீட்டினேன். காதில் வைத்துக்கொண்டு இந்தியில் ஏதோ சொல்லிப் பார்த்தார். தமிழ் வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொருவரைக் கூப்பிட்டு அவருக்கும் கேட்கக் கொடுத்தார். இந்தப் படத்தை அவர் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாரோ. திருப்பித் தரும்போது சட்டை நுனியில் துடைத்துத் தந்தார்.

டாக்சியில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாங்கன்னா சொன்னா?"

"ஆமாம்மா."

அம்மாவை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். என் மாமாக்கள் இரண்டு பேரும் கல்லூரிக்குப் போனார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அதைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடல் ஓரமாகப் போகச் சொன்னேன். வெளியே மழை நன்றாகப் பிடித்திருந்தது. மீட்டரில் 240 ஆனது.

ஜூலை 7, திங்கள்

ஆப்டா என்று ஒரு சின்ன ரயில் நிலையம். ராய்கட் மாவட்டத்தில், பன்வேலிலிருந்து ரோகா போகிற பாதையில் இருக்கிறது. படத்தின் கடைசியில் ரயில் கிளம்ப, அப்பா மகளின் கையை விட, அவள் ஓடுவாளே, அது பஞ்சாப் இல்லை, இங்கே எடுத்ததுதான். அம்மா நேற்று அந்த விஷயத்தைக் கேட்டதிலிருந்து போயே ஆக வேண்டும் என்றாள்.

குர்லாவில் மாறி பன்வேல் லோக்கல். வாஷிப் பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் சாம்பல் நிறத் தண்ணீர், அதே நிறத்தில் வானம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நான் வழி நெடுக வீடியோ எடுத்துக்கொண்டே வந்தேன். பன்வேலில் ஆட்டோ பிடித்து, போய்வரக் காத்திருப்போடு 700 ரூபாய் பேசினோம்.

ஆப்டாவில் யாரும் இல்லை. மலைகள் அத்தனையும் பச்சை, மேகம் பாதி மலை வரை இறங்கியிருந்தது. மரங்கள், நனைந்த பிளாட்பாரம், கல் பெஞ்சு. ஒரு பலகைகூட இங்கே படம் எடுத்தார்கள் என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கொங்கண் பக்கம் போகிற ஒரு நீளமான ரயில் நிற்காமல் கடந்து போனது. அம்மா அது போய் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். "வழுக்கும்" என்றாள்.

வெளியே ஒரு அம்மா அடுப்புக் கரியில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சையை மிளகாய்ப் பொடியில் தொட்டு மேலே தேய்த்துத் தருகிறார். 30 ரூபாய். மழையில் நின்று தின்ன அதைவிட நல்ல பண்டம் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. இங்கே படம் எடுத்தபோது பார்த்தீர்களா? செயலியை எடுக்கச் சொன்னாள். போனை எடுத்தேன், திரை கறுப்பாக இருந்தது. வீடியோ எடுத்தே பேட்டரியைத் தீர்த்துவிட்டேன், பவர் பேங்க் லாட்ஜில் மேசை மேல் இருந்தது.

இந்தப் பயணத்தில் நான் மிகவும் வருத்தப்பட்டது அதற்குத்தான். நேற்று அந்தச் செயலியைக் கழற்றி வைத்தோம் என்பது உண்மை. இன்று அது இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் அம்மா ஷாருக் கான் பேரைச் சொல்லி, ரயில் நிலையத்தைக் காட்டியதும், அந்தப் பெண்மணி விசிறியைக் கீழே வைத்துவிட்டு மராத்தியில் சொல்ல ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் இருக்கும். இடுப்பைத் தொட்டுக் காட்டினார், பிளாட்பாரத்தின் ஒரு மூலையைக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார், சிரித்தார், ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சோளம் ஒன்று கருகியே போனது. அந்தக் கதை முழுவதும் எங்கள் எதிரிலேயே நடந்து, எங்களுக்குக் கிடைக்காமல் போய்விட்டது. ஆட்டோக்காரரைக் கேட்கலாம் என்று பார்த்தால் அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

கருகிய சோளத்துக்கும் சேர்த்துக் கொடுத்த காசை அவர் வாங்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் அம்மா சொன்னாள். "கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு வந்து பார்த்தாளாம். அந்த மூலையில நின்னாளாம். கூட்டத்துல புருஷன் திட்டி வீட்டுக்குப் போகச் சொன்னானாம். போகலையாம். அந்தப் புருஷன் இப்ப இல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பன்வேல் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பன்வேலிலிருந்து லோக்கலில் கடைசி நிலையமான சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் வரை வந்துவிட்டோம். இன்று தேதி ஜூலை 7 என்பதால் இன்னொரு இடமும் பார்க்க வேண்டியிருந்தது. தென் மும்பையில் காலா கோடா என்ற பகுதியில் வாட்சன் ஹோட்டல் இருந்த கட்டடம். 1896இல் இதே தேதியில் பிரான்சின் லூமியேர் சகோதரர்களின் ஆறு குட்டிப் படங்களை இங்கேதான் போட்டுக் காட்டினார்கள். இந்தியாவில் முதல் சினிமாக் காட்சி. டிக்கெட் ஒரு ரூபாய், அந்தக் காலத்தில் பெரிய காசு. இரும்புச் சட்டம் கோத்துக் கட்டிய உயரமான கட்டடம், இப்போது ஆள் இல்லாமல் பாழடைந்து நிற்கிறது. எதிர்ப்பக்கம் குடைக்குள் நின்று பார்த்தோம். அந்த ஆறு படங்களில் ஒன்று, ஒரு ரயில் நிலையத்துக்குள் வருவது என்று அம்மாவிடம் சொன்னேன். "வசனம்?" என்றாள். கிடையாது, சத்தமே கிடையாது என்றேன். நிறைய நேரம் நின்றாள். கால் வலிக்கிறது என்று அவளாகச் சொன்ன பிறகுதான் கிளம்பினோம்.

ஜூலை 8, செவ்வாய்

ராத்திரி ரயில். பகலில் பெடர் ரோட்டில் இருக்கிற இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகம். 2019இல் திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் நேற்று முடியவில்லை. பாதி 'குல்ஷன் மஹால்' என்ற பழைய பங்களாவில், பாதி புதுக் கட்டடத்தில். நல்ல இடம், கூட்டமே இல்லை. பழைய காமிராக்களுக்கு முன்னால் நான் நின்ற நேரத்தைவிட உட்கார நாற்காலி இருந்த இடங்களில் அம்மா உட்கார்ந்த நேரம் அதிகம். நேற்றைய நடை.

இந்தியாவின் முதல் முழுநீளப் படமான பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913. மௌனப் படம், நடுநடுவே ஆங்கிலம், மராத்தி, இந்தி என்று எழுத்து அட்டைகள் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அம்மா கேட்டாள். அந்தக் காலத்தில் கொட்டகையில் ஒரு ஆள் நின்று அட்டையை உரக்கப் படித்துக் கதை சொல்லுவார், நம் பக்கத்திலும் அது இருந்தது என்றேன். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுக்குச் சம்பளம் உண்டா?"

உண்டாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. அது எடுத்ததே இந்த ஊரில்தான். அதே வருடம் வந்த, இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வுக்குப் போட்ட செட்டிலேயே எடுத்தார்கள். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். ஒரே படத்தில், ஒரே காட்சியில். சனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நம் ஆட்கள்மேல் பிரியம் பொங்கும். அம்மாவுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை. "பார்த்தா தெரியப்போகுது" என்றாள்.

வெளியே வந்து வடா பாவ், 20 ரூபாய். பூண்டுச் சட்னி எரிந்தது. லாட்ஜில் கணக்கு முடிக்கும்போது மூன்று நாள் வாடகையோடு ஒரு நாள் கூடப் போட்டிருந்தார்கள். அம்மாவே செயலியை எடுத்து, "ஐயா, கணக்கில் பிழை உள்ளது. நாங்கள் மூன்று இரவுகள் மட்டுமே தங்கினோம்" என்றாள். மேலாளர் உடனே திருத்திவிட்டார். எழுத்துத் தமிழில் அம்மா கோபப்படுவதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜூலை 9, புதன், ரயிலில்

இதை மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையிலிருந்து வெயில். எதிர் சீட்டில் மும்பையில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். அவர்களுடைய பெண் குழந்தைக்கு எட்டு வயது இருக்கும், தமிழும் இந்தியும் ஒரே வேகத்தில் பேசுகிறாள். மதியம் சாப்பிட்டதும் அம்மா, அந்தப் படத்தைப் போனில் போடச் சொன்னாள். பவர் பேங்க் கையிலேயே இருந்தது. போட்டேன். குழந்தை வந்து அம்மா பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

செயலியைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பாதிப் படம் வரை இரண்டு பேரும் பேசாமல்தான் பார்த்தார்கள். அந்தக் காட்சி வந்தது. ராத்திரி, அம்மாவும் மகளும். அம்மா போனை வாங்கிச் சத்தத்தை முழுவதும் குறைத்தாள். குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, எங்கள் முன்னறையில் சொன்ன அதே குரலில் சொன்னாள்.

"பயப்படாதடி. அப்பா கிடக்கார். நான் இருக்கேன்."

குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். "பாட்டி, அவங்க அப்படிச் சொல்லலை. எனக்கு இந்தி தெரியும். நான் இந்தப் படம் பார்த்திருக்கேன்."

"தெரியும் கண்ணு."

"அப்புறம் ஏன் மாத்திச் சொல்றீங்க?"

அம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ எத்தனாவது படிக்கிற?"

"நாலாவது போறேன்."

"சரி. இங்க பாரு, இப்ப நகையெல்லாம் எடுத்துட்டு வருவா."

அந்தக் காட்சிக்கு இன்னும் ரொம்ப நேரம் இருந்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.